ஏழாவது நிமிடத்துக் கீறல்

புதன்கிழமை காலை

அன்புள்ள டமாரத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் சபையில் உன்னைச் சகோதரர் என்று அழைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வயது ஆளை இன்னும் டமாரம் என்று கூப்பிடலாமா என்று மருமகள் சிரிப்பாள், சிரிக்கட்டும். சமையலறையில் ஒரு பாத்திரம் விடாமல் கரண்டியால் அடித்து நெளித்தவனுக்கு உன் அப்பா வைத்த பெயர் அது. சபைக்கு உன்மேல் எவ்வளவு உரிமை இருந்தாலும் அதற்கு முந்தின உரிமை எனக்கு உண்டு.

நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஃபோனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஒன்று, பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இரண்டு, ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "அம்மா, நான் சொல்றதை முதல்ல கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் அந்தப் பருப்பு வேகாது. கடைசி வரிவரைக்கும் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

வருகிற இருபத்திரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன். தொண்டைக் கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், சாப்பிடலாம், நடக்கலாம், சண்டைக்கு மட்டும் கையைத்தான் ஆட்ட வேண்டும். டாக்டர் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. காலில் வந்திருக்கலாம், முதுகில் வந்திருக்கலாம். இருபத்தெட்டு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து குரலால் பிழைத்தவளுக்குத் தொண்டையிலா வர வேண்டும்?

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை மாலையே வந்துவிடுவதாகவும், சபையிலிருந்து நான்கு பேர் கூட வந்து எனக்காகப் பிரார்த்தனை செய்வார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அதற்கு அடுத்த பத்தியில், நீ வாசல்படி மிதிப்பதற்குள் அந்த ரெக்கார்டுகள் வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியையும் அந்த இரண்டு பேர் வந்துபோவதையும் நிறுத்த வேண்டுமாம். ராக் பாட்டுக் கேட்கும் வீட்டில் பிரார்த்தனை நிற்காதாம். கூடவே சபைப் பத்திரிகையில் நீ எழுதிய கட்டுரையையும் வெட்டி வைத்திருக்கிறாய்.

இதில் எதற்கும் நான் சம்மதிக்கப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏமாந்து போகாதே.

அந்த இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறாயே, அவர்களுக்கு உறவுமுறை உண்டு. வெல்டர் மாமா உனக்கு முதல் சைக்கிளை ஒட்டவைத்துக் கொடுத்தவர். பல் டாக்டர் சித்தப்பா உன் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்கியவர். நீ அன்று அவர் விரலைக் கடித்தாய், தழும்பு இன்னும் இருக்கிறது. உன் அப்பாவும் நானும் அவர்களுமாக நான்கு பேர் முப்பது வருஷத்துக்கு முன் ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை இது. பத்து மணிக்கு ஊசியை வைத்தால் ஒரு மணிவரைக்கும் பாட்டும் வாக்குவாதமும்தான். வெல்டர் மாமா விடியற்காலையில் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்விட்டு அதே சட்டையோடு இங்கே வருகிறார். கடவுளும் அவரை ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அங்கே என்ன நடக்கிறது என்று உனக்கு மறந்திருக்கும். மருமகளும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். ஒரு பாட்டைப் போடுவோம். அதில் கடவுள் வருகிறாரா, வந்தால் பாடுகிறவன் அவரிடம் என்ன கேட்கிறான் என்று பேசுவோம். இந்த ராக் பாட்டுக்காரர்கள் பாதிப் பேர் சின்ன வயதில் கோயில் குழுவில் பாடிவிட்டு ஓடிவந்தவர்கள். ஓடிவந்த பிறகும் வாயில் அந்த வார்த்தைகள்தான் வரும். வெள்ளம், தீ, தேவதை, மன்னிப்பு என்று கிடார் அலறுகிற அலறலுக்கு நடுவில் கொட்டுவார்கள். பேசி முடித்ததும் உறையின் மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவோம். 'வேண்டுதல்' அல்லது 'வம்பு'. நான்கு பேரும் ஒத்துப்போனால்தான் சீட்டு. ஒருவர் முரண்டு பிடித்தாலும் 'ஒத்திவைப்பு'. பல் டாக்டர் வாய்க்குள் பார்க்கிற தன் சின்னக் கண்ணாடியின் பிடியால் மேஜையைத் தட்டித் தீர்ப்புச் சொல்வார். வெளிநாட்டுக்காரன் பாட்டு நமக்குப் பாதிதான் புரியும், மீதிக்கு அகராதி. புத்தகத்திலோ ஃபோனிலோ வரிகளைத் தேடிப் பார்க்கக் கூடாது என்பது உன் அப்பா போட்ட விதி. "காதுல விழுந்ததை வச்சுத்தான் பேசணும், இல்லைன்னா பேசாதே" என்பார்.

இதுதான் நீ பிசாசுக் கூட்டம் என்று எழுதியிருக்கிற கூட்டம். மூன்று கிழங்கள், ஒரு அகராதி, டீ.

கை வலிக்கிறது. மீதியை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். உன் கட்டுரையை அன்று சபையில் வைக்கப் போகிறேன். எங்களுடையதும் சபைதான்.

ஞாயிறு மதியம்

வைத்தேன். உன் கட்டுரையை வெல்டர் மாமா சத்தமாகப் படித்தார். என்னைப் படிக்க விடவில்லை, குரல் வீணாகுமாம். நல்ல தமிழ் எழுதுகிறாய். அது என்னிடமிருந்து வந்தது. விஷயம்தான் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

கதவுப் பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். எட்டு நிமிஷப் பாட்டு. அதைப் பாடுகிற, உறையில் படம் போட்ட அந்தத் தாடிக்காரன் கடவுளின் வாசலில் நின்றுகொண்டு கதவைத் தட்டுகிறான். முதலில் மெதுவாக, பிறகு டிரம்ஸ் சேர்ந்துகொள்ள, பிறகு முழுப் பலத்தோடு. திறக்கவில்லை என்றதும் திட்டுகிறான். செவிடா நீ, குடியிருக்கிறாயா இல்லையா, என்னைப் படைத்த கை இப்போது எங்கே கிடக்கிறது என்று ஏழு நிமிஷம் திட்டு. "கடவுளைத் திட்டுவதோடு தொடங்கி, திட்டுவதோடே முடிகிற இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்" என்று எழுதி, அச்சில் ஏற்றி, இத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறாய். நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண் அதைக் கொண்டுவந்து, "அக்கா, இது உங்க பையன்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன்?

நீ எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. நம் வீட்டில் அந்தப் பாட்டு திட்டுவதோடுதான் முடியும். ஏழாவது நிமிடத்தில் ஒரு கீறல். ஊசி அங்கே வந்ததும் குதிக்கும், அதற்கு முன் யாராவது தூக்கிவிட வேண்டும். முப்பது வருஷமாக நாங்கள் தூக்கிக்கொண்டுதான் இருந்தோம். அதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே சண்டை போட்டோம். வம்பு என்பார் வெல்டர் மாமா. வேண்டுதல்தான் என்று பல் டாக்டர் கிண்டலாகச் சொல்வார், "இல்லாதவன் வீட்டுக் கதவைத் தட்டுறதுதானே வேண்டுதல்?" என்பார். உன் அப்பா எப்போதும் ஒத்திவைப்புதான், முடிவு கேட்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நம் வீட்டு அறுபத்தொரு ரெக்கார்டில் சீட்டு ஒட்டாதது அது ஒன்றுதான்.

போன மாதம் வெல்டர் மாமா ஒரு வீட்டுக்குக் கேட் ஒட்டப் போனார். வீட்டைக் காலி செய்கிறவர்கள் பெட்டி பெட்டியாகச் சாமான்களை வெளியே வைத்திருந்தார்களாம். அதில் அதே தாடி, அதே உறை. கேட்டு வாங்கிக்கொண்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் நேராக இங்கே வந்துவிட்டார். பல் டாக்டருக்குச் சொல்லி அனுப்பினோம். அவரும் ஒருவரை வாயைத் திறந்தபடி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார், அது பொய்யாக இருக்கும்.

ஊசியை வைத்தோம். ஏழாவது நிமிடம் வந்தபோது மூன்று பேர் கையும் ஒரே நேரத்தில் நீண்டது, தூக்குவதற்கு. பழக்கதோஷம். எங்கள் கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஊசி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிடார் நிற்கிறது. டிரம்ஸ் நிற்கிறது. அவன் மட்டும் பாடுகிறான், தொண்டை கட்டிப்போய், கிட்டத்தட்ட பேச்சாக. நம் மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: சண்டை போட எனக்கு நீ ஒருத்தன்தான் மிச்சம். கதவைத் திறக்காவிட்டால் போகட்டும். உள்ளே இரு. எங்கேயும் போய்விடாதே.

அவ்வளவுதான் பாட்டு. வெல்டர் மாமா கையுறையோடு கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டார். பல் டாக்டருக்குக் கோபம். ஏழு நிமிஷம் நிமிர்ந்து நின்றவன் கடைசியில் வளைந்துவிட்டான், எனக்குக் கீறல் விழுந்த ரெக்கார்டே போதும் என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினார். எனக்கு உன் அப்பா ஞாபகம். அவர் கேட்காமல் போய்விட்டாரே என்றிருந்தது.

இனி நீ கேட்க வேண்டியது இருக்கிறது. அந்தக் கீறல் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ரெக்கார்டை அவர் வாங்கிவந்து, உறையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்கவில்லை. உனக்கு நான்கு வயது. உன்னிடம் ஒரு தகர பஸ் இருந்தது, சிவப்பு. வட்டமாக, கறுப்பாக, கோடு கோடாக இருந்ததைப் பார்த்ததும் ரோடு என்று நினைத்துவிட்டாய். வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ்ஸை அதன்மேல் ஓட்டினாய். நான் ஓடிவந்து தூக்குவதற்குள் ஒரு வளைவு ஓட்டி முடித்துவிட்டாய்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரன் கீறல் விழுந்ததைத் தலையில் கட்டிவிட்டான் என்று சொன்னேன். உன்னை அடித்துவிடுவாரோ என்ற பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் நேராகக் கடைக்குப் போய் அந்த மனுஷரைப் பிடிபிடியென்று பிடித்து, சாகும்வரை அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. நம் ஊரில் இந்த மாதிரி ரெக்கார்டு விற்கிற கடை அது ஒன்றுதான். அதனால்தான் நமக்கு இன்னொன்று கிடைக்கவே இல்லை. பாவம், அந்தக் கடைக்காரர். முப்பது வருஷமாக என் வயிற்றில் கிடந்ததை இன்றுதான் அவர்களிடம் சொன்னேன். பல் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். வெல்டர் மாமா உன் கட்டுரையை மறுபடி ஒரு தடவை படித்தார், பிறகு மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஆக, மகனே, நீ அச்சடித்துக் கண்டித்த அந்த முடிவு தாடிக்காரன் எழுதியது அல்ல. அது உன் பஸ் போட்டது.

இதைக் காட்டி அந்தப் பாட்டுக்கு உன்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதே. கடைசி ஒரு நிமிஷம் இல்லாவிட்டாலும், அவன் எட்டு நிமிஷமும் திட்டியிருந்தாலும், அந்த ரெக்கார்டு இந்த வீட்டில்தான் இருக்கும். ஏன் என்று கேள். உன் அப்பா காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்தாரே, அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எல்லாம் நன்மைக்கே என்றார்கள், அவன் சித்தம் என்றார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவர்கள் போன பிறகு நான் இந்தப் பாட்டைத்தான் போட்டேன். ஒரு மாதம் தினமும் போட்டேன். நான் கேட்க நினைத்ததையெல்லாம் இவன் எனக்குப் பதிலாகக் கத்திக் கேட்டான். அதனால்தான் மறுமாதம் மைக் முன்னால் போய் உட்கார்ந்து, பதினேழாம் எண் பேருந்து நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படும் என்று என்னால் சொல்ல முடிந்தது.

உனக்கு அப்போது பதினேழு வயது. நீ சபைக்குப் போனாய். அவர்கள் உன்னை விழாமல் பிடித்து நிறுத்தினார்கள். அதற்கு நான் அவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். உன்னுடைய பாட்டுப் புத்தகத்தை எரித்துவிட்டு வா என்று நான் ஒருநாளாவது சொல்லியிருக்கிறேனா? நீ அழுத இடத்தில் நீ அழுதாய், நான் அழுத இடத்தில் நான் அழுதேன். உன் இடம் கோயில், என் இடம் குப்பை என்று யார் உனக்குச் சொன்னது? அவரை என்னிடம் அழைத்து வா. குரல் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன்.

இன்னொரு செய்தி. நிலையத்து மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்கு முன் எல்லா அறிவிப்பையும் பதிவுசெய்து கொடுங்கள், உங்கள் குரலே தொடர்ந்து ஒலிக்கட்டும் என்றார். மூன்று நாள் உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வழித்தடம், ஒன்பது நடைமேடை, தாமதம், ரத்து, பொருள்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தையைத் தவறவிட்டவர்கள் அறிவிப்பு அறைக்கு வரவும். இடையிடையே வெந்நீர் குடித்துக் குடித்துச் சொல்லி முடித்தேன். குரலில் கரகரப்பு தெரிகிறது, பரவாயில்லை, தாடிக்காரனுக்கும் அப்படித்தான். கடைசியில் பதிவு செய்கிறவர், "வேற ஏதாச்சும் பேசணுமா அக்கா? வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி? மைக் ஓடிட்டுத்தான் இருக்கு" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். டமாரம் என்று வந்துவிட்டது நாக்கு நுனிக்கு. மூடிக்கொண்டு, ஒன்றும் இல்லை, நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஊருக்கு வேண்டியதை மெஷினில் விட்டிருக்கிறேன். உன்னைக் கூப்பிடுவதை மெஷினில் விட எனக்கு மனசு வரவில்லை. அது வேண்டுமென்றால் நீ நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதனால் உன் நிபந்தனைக்குப் பதிலாக என் நிபந்தனை. திங்கட்கிழமை வராதே. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, இருபதாம் தேதி காலை வா. ரெக்கார்டுகள் இருக்கும். வெல்டர் மாமா இருப்பார், பல் டாக்டர் சித்தப்பாவும் இருப்பார். புது ரெக்கார்டை முழுசாகப் போடுவோம், கடைசி நிமிஷத்தை நான் அவனோடு சேர்ந்து பாடப் போகிறேன். டாக்டர் வேண்டாம் என்றார். செவ்வாய்க்கிழமை வெட்டிப் போடப் போவதைச் சேமித்து வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டேன்.

உன் அப்பாவின் ஓட்டுரிமையை இந்தப் பதினேழு வருஷத்தில் யாருக்கும் கொடுக்கவில்லை. அதை உனக்குத் தர மூன்று பேரும் இன்று ஒத்துக்கொண்டோம். ஒத்துக்கொண்டது இது ஒன்றில்தான். பாட்டு முடிந்ததும் நீ வம்பு என்றே சொல். உன் சபையே சொன்ன மாதிரி கண்டிப்பாகச் சொல். நான் உன்னோடு சண்டை போடுகிறேன், நீ என்னோடு போடு, சீட்டு ஒட்டாமலே கிடக்கட்டும். ஆனால் கேட்டுவிட்டுச் சொல். பிறகு உன் ஆட்கள் திங்கட்கிழமை வந்து தலைமாட்டில் நின்று பிரார்த்தனை செய்யட்டும், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். வெல்டர் மாமாவும் சேர்ந்துகொள்வார். பல் டாக்டர் வெளியே நிற்பார்.

மருமகளையும் அழைத்து வா. அந்தத் தகர பஸ்ஸைப் பரணில் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவிடம் கோபத்தோடாவது இருக்க வேண்டும். யாரிடம் வேண்டுமானாலும் எழுதி வாங்கிக்கொள், எனக்குச் சண்டை போட நீ ஒருத்தன்தான் மிச்சம்.

உங்கள் ஊர்ப் பேருந்து ஒன்பதேகாலுக்கு மூன்றாவது நடைமேடைக்கு வரும். அன்று எனக்கு விடுமுறை. இறங்கியதும் ஸ்பீக்கரில் என் குரல் கேட்கும். அதைக் கேட்டு அங்கேயே நின்றுவிடாதே, வீட்டுக்கு வா. அதில் உன் பெயர் இல்லை.

இருபத்திரண்டாம் தேதி வரை குரலோடு இருக்கும்,
உன் அம்மா